தங்கம் போகிற பேனா

என் அக்காவுக்கு உட்காரத் தெரியாது. சாப்பிடும்போதுகூட ஒரு கை தட்டில் இருக்கும், இன்னொரு கை மேஜையில் எதையாவது நகர்த்திக்கொண்டிருக்கும். அப்படிப்பட்டவள் பல் செட் செய்யும் லேப் ஒன்றில் வருஷக்கணக்காக ஒரே முக்காலியில் உட்கார்ந்து, யாரோ மாட்டிக்கொள்ளப் போகும் பற்களுக்கு மெருகேற்றினாள் என்பதை இப்போது நினைத்தாலும் என்னால் நம்ப முடியவில்லை. "அவங்க வாய்க்குள்ள போறதைச் செய்யறேன், ஒருத்தர் மூஞ்சியையும் பார்த்ததில்லடா" என்று ஒரு நாள் சொன்னாள். அடுத்த வாரம் வேலையை விட்டுவிட்டாள். வீட்டில் யாரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்போம், அது அவளுக்கும் தெரியும்.

கையிலிருந்த சேமிப்பில் ஒரு சின்ன லேத் வாங்கிப் பின்னறையில் வைத்தாள். மரப் பேனா கடைந்து விற்கப் போகிறாளாம். என் மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "இந்தக் காலத்துல யாரு அண்ணி பேனாவால எழுதறாங்க?" அக்கா லேத்தை ஓட்டினாள். அந்தச் சத்தத்தில் எங்கள் வீட்டில் எந்தக் கேள்வியும் காதில் விழாது.

மரப் பேனா என்றால் முழுக்க மரம் என்று நான் நினைத்திருந்தேன். மேலே போர்த்தியிருப்பதுதான் மரம். உள்ளே போகிற பித்தளைக் குழாய்கள், முனை, கிளிப், நடு வளையம், திருகினால் ரீஃபிலை வெளியே தள்ளும் பாகம் எல்லாம் ஒரு சின்னப் பையில் தயாராக விற்கிறார்கள். அதற்குக் கிட் என்று பேர். மரக்கட்டையைத் துளைத்து, குழாயை உள்ளே ஒட்டி, லேத்தில் வழவழவென்று கடைந்து, கடைசியில் மற்ற பாகங்களை இரண்டு பக்கமும் வைத்து அழுத்தினால் பேனா. அழுத்தியபிறகு சேதமில்லாமல் பிரிப்பது கஷ்டம். "கல்யாணம் மாதிரி" என்பாள் அக்கா. அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதனால் அந்த விஷயத்தில் தைரியமாகப் பேசுவாள்.

மரத்தில் அவளுக்குக் குழப்பமே வந்ததில்லை. குழப்பமெல்லாம் கிட்டில்தான். ஒரே அச்சில் வார்த்த கிட் தங்க முலாமில் வரும், குரோமில் வரும், கறுப்பில் வரும், டைட்டானியம் என்று யானை விலையிலும் வரும். எதை எடுப்பது என்று குட்டி போட்ட பூனை மாதிரி பின்னறைக்கும் சமையலறைக்கும் நடப்பாள். காலையில் "குரோம்தான், முடிவு பண்ணிட்டேன்" என்பாள். சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் "குரோம் ஆஸ்பத்திரி சாமான் மாதிரி இருக்குடா" என்று வந்து நிற்பாள். ஒரு தடவை கட்டைகளையெல்லாம் துளைத்து முடித்தபிறகு மனசு மாறி, கொஞ்சம் தடித்த கிட்டை வரவழைத்தாள். குழாய் எந்தத் துளையிலும் நுழையவில்லை. துளையைப் பெரிதாக்கப் போய்ப் பாதிக் கட்டைகள் பிளந்தன. அன்றைக்கு நாங்கள் யாரும் அவள் பக்கம் போகவில்லை.

கடைசியில் மலிவான தங்க முலாம் கிட்டில் வந்து நின்றாள். பார்க்க லட்சணமாக இருந்தது, விலையும் கையைக் கடிக்கவில்லை.

அப்புறம் பேனாவுக்கு விலை வைக்க வேண்டும். கிட்டின் விலை, பசை, உப்புத்தாள் எல்லாம் கூட்டி, மேலே கொஞ்சம் போட்டாள். "உன் கூலி எங்கே?" என்று கேட்டேன். "பிடிச்சுச் செய்யறதுக்கு என்னடா கூலி?" என்றாள். எனக்கு எரிச்சலாக வந்தது. கடைத்தெருவில் பேனா, பேப்பர் விற்கும் கடைக்காரர் ஒருவர்தான் அவள் பேனாக்களைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கச் சம்மதித்தவர். அவர் விலையைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"அடிமாட்டு விலைக்குக் கொடுத்தா, வாங்கறவன் அடிமாடுன்னுதான்மா நினைப்பான். இதைப் போல மூணு பங்கு போடறேன்."

"மூணு பங்கு கொடுத்து வாங்கினா அவங்களுக்கு உழைக்கணுமேண்ணே."

"உழைக்கும், உழைக்கும். நீ போ."

பேனா விற்றது. அக்கா தினமும் கடைக்குப் போய், யார் வாங்கினார்கள், எப்படி இருந்தார்கள், பிடித்துப் பார்த்ததும் என்ன சொன்னார்கள் என்று துளைத்தெடுப்பாள். பல் செட் லேபில் பார்க்காத முகங்களையெல்லாம் இங்கே வட்டியோடு வசூலித்துக்கொண்டிருந்தாள். கடைக்காரருக்கு வாங்கினவர்கள் எல்லாரையும் தெரியும் என்பதால் அவருக்குத் தப்பிக்க வழியில்லை.

அதே சமயத்தில் எனக்கும் ஒரு பேனா கொடுத்தாள். அன்பளிப்பு என்று நினைத்து மகிழ்ந்துபோனேன். "உன் சட்டைப் பையிலயே வெச்சிரு. உன் வேர்வைக்கு இது தாங்குதான்னு பார்க்கணும்" என்றாள். நான் டயர் கடையில் வேலை செய்கிறவன். என் கையில் எந்தக் கடிகாரமும் பளபளப்பாக இருந்ததில்லை. என் வேர்வைக்கு வீட்டில் முதல்முறையாக மரியாதை கிடைத்தது. ஆனால் சோதனையை முடித்துவிட்டல்லவா விற்றிருக்க வேண்டும்! தும்பை விட்டு வாலைப் பிடிப்பது எங்கள் குடும்பச் சொத்து.

இரண்டு வாரத்துக்குள் கிளிப்பில் தங்கம் போய், வெளிறிப்போன உலோகம் எட்டிப் பார்த்தது. அக்கா அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் முகம் சுண்டிப்போனது.

"வித்ததை எல்லாம் மாத்திக் கொடுக்கணும்டா."

"யாரும் வந்து கேக்கலையே?"

"கேக்கறதுக்கு முன்னாடி போகணும். கேட்டப்புறம் போனா, அது மாட்டிக்கிட்டுக் கொடுக்கறது."

அந்தத் தங்கக் கிட்டில் மிச்சம் இருந்ததை டிராயரில் போட்டு மூடினாள். யானை விலை டைட்டானியத்தை வரவழைத்தாள். வந்த லாபம் எல்லாம் அதில் போனது. கத்தினேன், பயனில்லை. கடைக்காரரிடம் வீடுகளை விசாரித்துக்கொண்டு, ஒரு விடுமுறை நாளில் என் ஸ்கூட்டரின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். வழியெல்லாம் என் முதுகில் தட்டிக்கொண்டே வந்தாள், வேகமாகப் போ என்று.

ஒரு கணக்கர் பேனாவைப் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லையாம். புதியதையும் வாங்கிக்கொண்டு பழையதைத் தர மறுத்துவிட்டார். ஒரு நர்ஸின் பேனாவில் பொட்டுத் தங்கம்கூட மிச்சமில்லை. "ஐயோ, நான் இது வெள்ளி கலர் பேனான்னுல்ல நினைச்சிட்டிருந்தேன்!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் "தப்பு என்னுது" என்று ஆரம்பித்துக் கிட், முலாம், வேர்வை என்று முழுக் கதையும் சொன்னாள். பாதிப் பேருக்கு அது புரியவே இல்லை.

கடைசி வீட்டில் கதவைத் திறந்த அம்மாள், பேனா செய்கிறவள் என்று கேட்டதும் அக்காவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார். மகன் வேலையை விட்டுவிட்டு ஏதோ பெரிய பரீட்சைக்குப் படிக்கிறானாம். இரண்டு தடவை எழுதித் தேறவில்லை, இது மூன்றாவது. அவனுக்காக வாங்கிய பேனா அது. மூடிய கதவு ஒன்றைக் காட்டி, "உள்ளதான் இருக்கான், எழுதிட்டிருக்கான்" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். பிறகு மேஜையில், யாருக்கோ காட்டவென்று எடுத்து வைத்த மாதிரிக் கிடந்த பேனாவை எடுத்து நீட்டினார். விரல் படும் முனையிலும் கிளிப்பிலும் தங்கம் அடியோடு போயிருந்தது.

"பாருங்க. தங்கமே தேஞ்சு போற அளவுக்கு எழுதியிருக்கான். பக்கத்து வீட்டுல, என் தங்கச்சி வீட்டுல, எல்லார்கிட்டயும் கொண்டுபோய்க் காட்டிட்டேன். நிறைய எழுதினாத்தானேம்மா இப்படிப் போகும்?"

கேட்டுவிட்டு அக்காவின் வாயையே பார்த்தார். நானும் பார்த்தேன். காலையிலிருந்து கேட்டவர் கேட்காதவர் எல்லாரிடமும் உண்மையைக் கொட்டிக்கொண்டு வந்தவள் அல்லவா!

"ஆமாம்மா" என்றாள் அக்கா. "நிறைய எழுதியிருக்காரு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் பையிலிருந்து புதுப் பேனாவை எடுத்து, இது மங்காது, அதற்குப் பதிலாக வைத்துக்கொள்ளுங்கள் என்று முணுமுணுத்தாள். அந்த அம்மாள் வாங்கவில்லை.

"மங்காதுன்னா அவன் எழுதறது எனக்கு எப்படித் தெரியும்? இதுவே இருக்கட்டும்மா."

வெளியே வந்து ஸ்கூட்டரைக் கிளப்பினேன். அக்கா ஏறி உட்கார்ந்தவள் இறங்கினாள், மறுபடி ஏறினாள். "நான் ஏன்டா அப்படிச் சொன்னேன்?" என்றாள். அப்போது பக்கத்துச் சந்து வழியாக அந்த அம்மாளின் மகன் வந்தான். உள்ளே பேசியதைக் கேட்டுவிட்டுப் பின்வாசலால் வெளியே வந்திருக்க வேண்டும். சவரம் செய்யாத முகம், முப்பதை நெருங்கும் வயது. வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டு கிட்டே வந்தான்.

"அக்கா, எனக்கு அம்மா கையில இருக்கற மாதிரியே இன்னொரு பேனா வேணும். அதே தங்கம். சீக்கிரம் போறது."

"எதுக்குப்பா?"

அவன் உள்ளங்கையைப் பேன்ட்டில் துடைத்தான், மறுபடியும் துடைத்தான். "எழுத உக்காந்தாலே கை வேர்த்துக் கொட்டுது. பேனாவைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே இருக்கேன். ஒரு வரி வரல. அம்மா அந்தத் தங்கம் போறதைப் பார்த்துத்தான் நிம்மதியா இருக்காங்க. அதுல இனிமே போறதுக்கு ஒண்ணும் இல்ல. நீங்க என்ன விலை சொன்னாலும் தரேன்."

எந்தக் கிட்டை எடுப்பது என்று மாதக்கணக்கில் வீட்டை நடந்தே அளந்தவளிடம், இருப்பதிலேயே மட்டமான கிட்டுக்கு ஒருவன் கேட்ட விலையைத் தருகிறேன் என்கிறான். டிராயர் நிறைய அந்தக் கிட் கிடந்தது.

"அதை நான் நிறுத்திட்டேன்பா" என்றாள் அக்கா. அவன் முகம் செத்துப்போனது. அவள் ஸ்கூட்டரிலிருந்து இறங்கினாள். "உள்ள ஒரு பொய் சொல்லிட்டு வந்திருக்கேன். அதை மட்டும் திருப்பி எடுத்துக்கறேன். நீ சொன்னது எதுவும் என் வாயிலருந்து வராது."

"வேண்டாம்க்கா, தயவுசெஞ்சு..."

அதற்குள் அவள் வாசலைத் தாண்டிவிட்டாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இவள் மனசாட்சியைக் கழுவிக்கொள்ள ஊரான் பெற்ற பிள்ளைதானா கிடைத்தான்? நானும் பின்னாலேயே ஓடினேன். அவனும் வந்து கதவோரம் நின்றான்.

அந்த அம்மாள் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அதே மேஜைப் பக்கம் நின்றிருந்தார்.

"அம்மா, நான் சொன்னது தப்பு" என்றாள் அக்கா. "இது மட்டமான முலாம். எழுதினாலும் போகும், எழுதாட்டியும் போகும். கையில வெச்சிருந்தாலே போதும். இதைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது."

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"தெரியும்மா" என்றார். "அவன் ரூமை நான்தானே கூட்டறேன். நோட்டு எல்லாம் வெள்ளையாக் கிடக்கு. இவன் ஏன் எழுத மாட்டேங்கறான்னுதான் எனக்குத் தெரியல. இதைத் தூக்கிக்கிட்டு வீடு வீடாப் போனேன். உன் பிள்ளை நல்லா எழுதறான்னு ஒருத்தராவது சொல்ல மாட்டாங்களான்னு. எல்லாரும் பேனா அழகா இருக்குன்னாங்க, என்ன விலைன்னு கேட்டாங்க. நீங்கதான்மா சொன்னீங்க."

கதவோரம் நின்றவன் உள்ளே வந்து அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். அவர் அவனைப் பார்க்காமலே கையை நீட்டி அவன் கையைப் பிடித்தார். பிடித்தவர் திரும்பிப் பார்த்தார்.

"என்னடா இது? கை ஏன் இப்படி நனைஞ்சிருக்கு?"

அவன் சொல்ல ஆரம்பித்தான்.