தவம் அண்ணையின் காய்ச்சலும் என் தீர்ப்பும்

முக்கிய அறிவித்தல்: டோர்செட் பார்க்கில் எங்கள் கட்டடத்து லிஃப்ட் மறுபடியும் காலமானது. ஆகவே தவம் அண்ணை ஆஸ்பத்திரியில் இறந்த செய்தியும் மாடிப்படி ஏறித்தான் வந்தது. கொண்டுவந்தவர் கட்டடத்தில் அவரோடு ஒரே அறையில் குடியிருந்த குணம் அண்ணை.

"தவம் போயிட்டான்ரா."

பகிடி என்று நினைத்து நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

கட்டடத்தில் எல்லாருக்கும் தெரிந்த தவம் அண்ணைதான். கலவரத்துக்குப் பிறகு மட்டக்களப்பிலிருந்து இந்தக் குளிர்நாட்டுக்கு வந்து, உணவகத்தில் கோப்பை கழுவியவர். கொஞ்சம் தள்ளி மில்லிக்கன் பகுதியில் பெண் பார்த்து, கலியாணமும் சரிவந்திருந்தது. அதற்குள் ஒரு பல்லைப் பிடுங்கினார். பிறகு வாரக்கணக்காகக் காய்ச்சல். குளிசை போட்டால் போகும், திரும்ப வரும்.

கட்டடமே துப்பறியத் தொடங்கியது. வேலைக்கள்ளம் என்றார் குணம் அண்ணை. பெண்ணைப் பிடிக்கவில்லையாக்கும் என்றார் அம்மா. கள்ளக் காய்ச்சலில் பட்டம் பெற்ற நான் நேரே போய் விசாரித்தேன்.

"அண்ணை, உது எந்தக் கடைக் காய்ச்சல்?"

"கலப்படமில்லாத சரக்கு மனே," என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் என் சந்தேகம் இன்னும் கூடியது.

"நடிப்புக் காணாது, இன்னும் வேணும்," என்று தீர்ப்பளித்துவிட்டு வந்தேன்.

ஆஸ்பத்திரியில்தான் விஷயம் வெளியானது. இதயத்துக்கு இரத்தம் கொடுக்கும் நாடியொன்று, பிறவியிலேயே வழிதவறி இதயத்தின் அறைக்குள் திறந்திருந்ததாம். லட்சத்தில் ஒருவருக்கு வருவது போன்ற அரிய குறை. பல் பிடுங்கிய புண்ணால் இரத்தத்தில் ஏறிய கிருமி அங்கே குடியேறிவிட்டது. சின்ன வயதிலேயே நெஞ்சில் ஒரு சத்தம் கேட்கிறது என்று ஊர் டாக்டர் சொல்லியிருக்கிறார். கலியாணம் குழம்பும் என்று வீட்டார் அதை மூடிவைத்தார்கள். இதயத்தில் ஏதும் குறை உண்டா என்று பல் டாக்டரும் கேட்டிருக்கிறார். சொல்லியிருந்தால் முன்கூட்டியே மருந்து கொடுத்திருப்பார். ஆனால் மொழிபெயர்க்கப் பக்கத்தில் இருந்தவர் பெண்ணின் தகப்பன்.

"மாமா இருக்கக்குள்ள எப்பிடி மச்சான் சொல்ற?" என்று தவம் அண்ணை கடைசியில் குணம் அண்ணையிடம் கேட்டாராம்.

கள்ளக் காய்ச்சலில் பட்டம் என்றேனே, அது சுத்தப் பொய். அம்மா ஒருநாளும் ஏமாந்ததில்லை. போன மாரியில் அவர் என்னைப் பள்ளிக்கூடத்துக்குத் துரத்த, நான் படிக்கட்டில் போர்வையோடு குந்தியிருந்தேன். வேலைக்குப் புறப்பட்ட தவம் அண்ணை நின்று, நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"சுடுது மனே," என்றார். திரும்பிப் போய் மல்லித் தண்ணீர் அவித்துக் கொண்டுவந்தார். அன்றைக்கு வேலைக்குப் பிந்திப்போய் ஏச்சும் வாங்கினார்.

என் நெற்றி சுடவேயில்லை. இல்லாத காய்ச்சலை நம்பிய அந்தக் கைதான் என்னிடம் மிஞ்சியிருக்கிறது.