வசவில் கற்ற படகுச் சொற்கள்

அப்பாவைப் பற்றி உறவினர் ஆளுக்கொரு கதை சொல்வதால், நான் நேரில் கண்டதையும் கேட்டதையும் மட்டுமே எழுதுகிறேன்.

இன்று ஐயங்குளக் கரையில், தெப்பம் இழுக்கும் வடத்தின் ஈரவாடை அப்பா போன அந்த மாலைப்பொழுதை நினைவுக்குக் கொண்டுவந்தது.

அப்பா சென்னையில் படகோட்டியாக இருந்தவர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வேலையிழந்து, திருவண்ணாமலையில் மாமா வீட்டில் எங்களோடு தங்கினார். படகுச் சொற்களை அவருடைய வசவுகளிலிருந்தே கற்றேன். சோறு தாமதமானால் அம்மா சுக்கான் உடைந்த படகு. மாமாவின் பேச்சைக் கேட்டாலோ, காற்றடித்த பக்கம் திரும்பும் பாய்.

தெப்பத் திருவிழாவன்று மாமா ஊரார் முன்னிலையில் கூப்பிட்டார்: "மாப்ள, வந்து வடம் புடிங்க. கடல்லதான் வேலை போச்சு, கொளத்துலயாச்சும் செய்யுங்க."

கூட்டம் சிரித்தது. அப்பா அம்மாவிடம் சீறினார்: "எல்லாம் உன்னாலதான்டி. என் கழுத்துல கட்டின நங்கூரம் நீ!"

அது எனக்குப் புதிய சொல். "நங்கூரம்னா என்னம்மா?" என்றேன்.

"படகை நவுற வுடாம புடிச்சி வைக்கிற இரும்பு. இப்பவே அவுத்துட்டேன், போகச் சொல்லு உங்கப்பன."

அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்தார். நாங்கள் யாரும் கூப்பிடவில்லை. தெப்பம் குளத்தைச் சுற்றிப் புறப்பட்ட இடத்திற்கே வந்தது. அப்பா எங்கே போனார் என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.