நோய் நலமாக வந்து சேர்ந்தது

செவ்வாய்க்கிழமை காலை, மாணவர்களுக்காக வாழைத்தண்டைச் சீவிக்கொண்டிருந்தேன். யூசுப்பின் மைத்துனர் காதர் ஆய்வுக்கூட வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. "மச்சான் மௌத்தாயிட்டாருங்க. அஸர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம். உங்களுக்கு முதல்ல சொல்லணும்னு அக்கா சொன்னாங்க" என்றார். விஷக்காய்ச்சல் என்று தெரியும். தேறிவிடுவார் என்றுதான் எல்லோரும் நம்பியிருந்தோம். அடுத்த மாதம் ஆராய்ச்சிக்காகப் பெங்களூருக்குப் புறப்பட வேண்டிய மனிதர் அவர்.

கல்லூரி நண்பர்களாகிய உங்களுக்கு யூசுப்பைத் தெரியும். தாவரவியல் பிரிவில் அவரும் நானும் செய்முறை வகுப்பு நடத்தும் டெமான்ஸ்ட்ரேட்டர்கள். பாலக்கரையிலிருந்து அவர் சைக்கிளில் வருவார், ஸ்ரீரங்கத்திலிருந்து நான் பஸ்ஸில் வருவேன். இருவருக்கும் ஒரே மேஜை. அவர் என்னைச் 'சாமி' என்பார், நான் அவரை 'ஓய் பாய்' என்பேன். ஆராய்ச்சிக்கு ஓர் இடம் தேடி அவர் பட்ட பாடு மட்டும் உங்களில் பலருக்குத் தெரியாது.

அது தொட்டியத்தில் தொடங்கியது. மாணவர்களை அழைத்துக்கொண்டு போயிருந்தோம். ரஸ்தாளித் தோட்டம் ஒன்றில் பாதி மரங்கள் இலை மஞ்சளித்துத் தொங்கிக்கொண்டிருந்தன. தோட்டக்காரர், "இந்தச் சீக்கு மண்ணுல இருக்கா, கன்னோட வருதா? அதை மட்டும் சொல்லுங்க சார்" என்று கேட்டார். எங்கள் இருவருக்கும் பதில் தெரியவில்லை. நான் திரும்பும் வழியிலேயே அதை மறந்துவிட்டேன். யூசுப் மறக்கவில்லை.

யுத்தம் வந்து சீமைக்குப் போகும் வழி அடைபட்டிருந்தது. இங்கேயே ஒரு பேராசிரியரைத் தேட வேண்டும். பெண் கொடுக்கும் வீட்டார் மாப்பிள்ளையை விசாரிப்பதுபோல அவர் விசாரித்தார். விடுமுறைதோறும் ரயிலேறி ஓர் ஊருக்குப் போவார். பேராசிரியரைப் பார்க்கமாட்டார். அவருடைய மாணவர்கள் சாப்பிடும் ஹோட்டலில் போய் உட்கார்ந்துகொண்டு, "உங்க சார் தப்புன்னு தெரிஞ்சா ஒத்துக்குவாரா?" என்று பேச்சுக் கொடுப்பார். "பெரிய பேர் இருந்தா போதாது சாமி. அந்த வீட்டுல மருமக சிரிக்கிறாளான்னு பாக்கணும்" என்பார்.

சென்னையில் ஓர் இடம் கிடைத்தது. ஆனால் வாழையை விட்டுவிட வேண்டும், கடற்பாசியில் வேலை செய்ய வேண்டும் என்றார்கள். அவர் மறுத்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. "ஓய், கிடைச்சதைப் பிடிச்சுக்கும். வாழை எங்கே போயிடப் போறது?" என்று கத்தினேன். அவர் சிரித்தார். "வருஷக்கணக்கா ஒரே கேள்வியோட குடித்தனம் பண்ணணும் சாமி. பிடிக்காத கேள்வியோட எப்படி?" என்றார். எனக்கு அந்த வம்பே வேண்டாம், இருக்கிற வேலை போதும் என்றேன். "உங்களுக்கு இன்னும் கேள்வி வரலை. வந்தா நீங்களும் ஓடுவீங்க" என்றார்.

கடைசியில்தான் பெங்களூர்ப் பேராசிரியரைக் கண்டுபிடித்தார். விண்ணப்பத்தோடு நோய் பிடித்த வாழைக்கிழங்கு ஒன்றையும் ரயில் பார்சலில் அனுப்பினார். வாடாமல் போய்ச் சேர வேண்டுமே என்று, நம் ஊர்ப் பூக்கடைக்காரர்கள் பூ அனுப்புவதுபோல வாழைப்பட்டையில் வைத்துத் தண்ணீர் தெளித்துக் கட்டினார். பக்கத்தில் நின்று நார் பிடித்தவன் நான். பூஞ்சைக்கு ஈரமும் இருட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிற இரண்டு பேருக்கும் அது தோன்றவில்லை. அந்தப் பார்சல் போன பெட்டி முழுக்க நாறியிருக்க வேண்டும்.

பதில் வந்தது. யூசுப் அதை எனக்கு உரக்கப் படித்துக் காட்டினார். "தாங்கள் அனுப்பிய நோய் நலமாக வந்து சேர்ந்தது. கிழங்குதான் இல்லை. அடுத்ததைத் தாங்களே எடுத்துக்கொண்டு வந்து சேரவும்." இடம் கிடைத்துவிட்டது என்பது புரிய எங்களுக்குச் சற்று நேரம் ஆயிற்று. அன்று அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்பு நின்றுபோனது. அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன்பு யார் முகத்திலும் பார்த்ததில்லை.

அடக்கத்தன்று நான் அழவில்லை. மறுநாள் மேஜைக்கு எதிரே நாற்காலி காலியாகக் கிடந்ததைப் பார்த்தபோதுதான் அழுகை வந்தது. நல்ல இடம் என்று இவ்வளவு விசாரித்து, இவ்வளவு காத்திருந்து, வாசற்படி ஏறும் முன்பே போய்விட்டாரே என்று இன்னும் மனம் ஆறவில்லை.

நேற்று தொட்டியம் போய்ச் செய்தியைச் சொன்னேன். தோட்டக்காரர் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு, "அப்ப நான் கேட்டதுக்கு யாருங்க பதில் சொல்லுவாங்க?" என்றார். நோய் பிடித்த கிழங்கு ஒன்று வேண்டும் என்று மட்டும் கேட்டேன். அவரே தோண்டித் தந்தார்.

யூசுப்பிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் கேள்வி ஒன்றைத்தான். பெங்களூருக்கு டிக்கெட் வாங்கிவிட்டேன். அந்தப் பேராசிரியர் என்னைச் சேர்த்துக்கொள்வாரா என்று தெரியாது. கிழங்கை மண் போகத் துடைத்து, நிழலில் உலர்த்தி, பழைய செய்தித்தாளில் சுற்றி எடுத்துவைத்திருக்கிறேன். இந்த முறை ஒரு சொட்டு ஈரம் இல்லை, பாய்.