தீடையில் ஒரு விருந்து

தலைமன்னாரில் சந்தியோகுவின் படகில் ஏறியவர் எவரும் பசியோடு இறங்கியதில்லை. கிழமை நாளில் அவர் மீன் பிடிப்பார். ஞாயிறு பூசை முடிந்தால், பறவை பார்க்க வருகிறவர்களைக் கடல் நடுவே கிடக்கும் மணல் தீடைகளுக்குக் கூட்டிப்போவார். பறவைகளின் பெயர் அவருக்கு அவ்வளவாக வராது. ஆனால் ஆட்களைச் சாப்பிட வைப்பதில் விடாக்கண்டன். யார் “வேண்டாம்” என்றாலும் அது வெட்கத்தில் சொல்வது என்றே எடுத்துக்கொள்வார். நம்மூரில் அது பெரும்பாலும் சரிதான். முதல் கேள்விக்கே “ஓம், பசிக்குது” என்று சொன்ன விருந்தாளியை நானும் கண்டதில்லை.

போன வைகாசியில் சுபாஜினி என்ற தாதி தன் சிநேகிதிகளோடு வந்தாள். ஆலாப் பறவைகள் தீடையின் வெறும் மணலில் முட்டையிட்டிருந்த காலம். எட்ட நின்று பார்த்துவிட்டு உடனே திரும்பிவிடுவது என்பது அவர்கள் எண்ணம். அதற்குள் சந்தியோகு படங்கை இழுத்துக் கட்டி நிழல் போட்டு, அடுப்பு மூட்டி, பாரைமீன் குழம்பைக் கொதிக்க வைத்துவிட்டார். ஆலாக்கள் தலைக்கு மேலே கத்திக்கொண்டு சுற்றின. ஒன்றும் கீழே இறங்கவில்லை.

“போவம் அண்ணை, சாப்பாடு வேண்டாம். நாங்கள் நிண்டால் இதுகள் இறங்காது” என்றாள் சுபாஜினி.

“சும்மா இருங்கோ தங்கச்சி. வெறும் வயித்தோட உங்களை அனுப்பினால் எனக்குத்தான் கேவலம்.”

அவள் இன்னும் இரண்டொரு தடவை சொல்லிப் பார்த்தாள். பிறகு மனுசனின் முகம் வாடுமே என்று வாயை மூடிக்கொண்டாள். உச்சி வெயிலில் எல்லோரும் நிழலில் இருந்து வயிறாரச் சாப்பிட்டார்கள். மறுசோறும் வாங்கினார்கள்.

சில வாரம் கழித்து மீனுக்குப் போன சந்தியோகு அந்தத் தீடையை ஒட்டிப் படகை விட்டார். தூரத்து முனையில் ஆலாக் குஞ்சுகள் ஓடித் திரிந்தன. அடுப்பு மூட்டிய பக்கத்தில் ஒரு குஞ்சும் இல்லை. முட்டைகள் அப்படியே கிடந்தன. கரைக்கு வந்ததும் சுபாஜினிக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டார். தாய் வந்து நிழல் கொடுக்காவிட்டால் அந்த வெயிலுக்கு முட்டை உள்ளேயே வெந்துவிடும் என்றாளாம். அவரை ஒரு சொல் குறை சொல்லவில்லை. தானாவது எழும்பிப் போயிருக்கலாம் என்று அழுதாளாம்.

அன்றிலிருந்து மனுசனுக்குச் சோறு இறங்குவதில்லை. தன் கையால் கொன்றதாகவே நினைக்கிறார். பங்குச் சுவாமியிடம் பாவசங்கீர்த்தனத்துக்கும் போனார். வந்தவருக்குச் சோறு போட்டதெல்லாம் ஒரு பாவமா என்று சுவாமி சிரித்து அனுப்பிவிட்டாராம். எனக்குச் சுவாமியில்தான் கோபம். நாலு வார்த்தை ஏசியிருந்தால் இந்த ஆளுக்கு மனம் கொஞ்சம் ஆறியிருக்கும்.

போன கிழமை நான் அவர் வீட்டில் இருந்தபோது, மனைவி பிரான்சிஸ்காவும் முட்டைதானே, விடுங்கோ என்றாள். அதுவரை யாருக்கும் சொல்லாததை அப்போதுதான் சொன்னார்.

“முட்டை செத்தது தாய்க்குத் தெரியேல்லையப்பா. கடலில போய் வயித்தை நனைச்சுக்கொண்டு வந்து, அதில குந்திச் சூடு ஆத்துது. அண்டைக்கு நான் நிண்டு பாத்தனான். திரும்பவும் போய் நனைச்சுக்கொண்டு வருது.”