ஐயா, உங்க மைக் திறந்திருக்கு

திருநெல்வேலியில் நான் செய்வது வக்கீல் தொழில்தான். ஆனால் காணொலி விசாரணை வந்தபிறகு, கட்சிக்காரரைச் செல்போன் முன்னால் நேராக உட்கார வைப்பதிலேயே பாதி ஆயுள் போகிறது. வீட்டுப் பெரியவர்களுக்கு வீடியோ கால் சொல்லிக்கொடுத்து நொந்தவர்கள் எல்லாம் என் கட்சி.

மரியாதை தெரிந்தவர்

அம்பாசமுத்திரத்தில் நெல் வியாபாரம் செய்யும் அண்ணாச்சிக்கு மூட்டுவலி. வீட்டிலிருந்தே ஆஜராக அனுமதி வாங்கி, முந்தின நாள் அவர் வீட்டுக்கே போய், ஒத்திகைக்காக அடுத்த அறையிலிருந்து வீடியோ காலில் கூப்பிட்டேன். என் பக்கத்துக் கேமராவைப் போட மறந்துவிட்டேன். மனுஷர் மரியாதைக்காகக் கண்ணாடியைக் கழற்றி, எழுந்து, குனிந்து கும்பிட்டார். திரையில் தெரிந்தது அவர் முகமேதான். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது பூரித்துப் போயிருந்தார்.

"ஜட்ஜ் தங்கமான மனுசர் வக்கீலம்மா. நான் கும்பிட்டதும் அவரும் எந்திரிச்சுக் கும்பிட்டுட்டாரு!"

ஒரே பாலம்

மணிமுத்தாறு பக்கம் இரண்டு பங்காளிகளுக்குள் வண்டிப்பாதைத் தகராறு. முகம் பார்த்தே பல காலம். என் ஆளிடம், "சிக்னல் எங்க நல்லா கிடைக்கோ, அங்கன போய் உட்காருங்க" என்று சொல்லியிருந்தேன். எதிர்த்தரப்பு வக்கீலும் அதையே சொல்லித் தொலைத்திருக்கிறார். விசாரணையன்று திரையில் இரண்டு கட்டம், இரண்டிலும் அதே வாய்க்கால் பாலம். ஒருவர் கட்டத்திலிருந்து வெளியேறிய எருமை, நிதானமாக மற்றவர் கட்டத்துக்குள் நுழைந்தது. "ரெண்டு பேரும் சேர்ந்தா இருக்கீங்க?" என்றார் நீதிபதி. என் ஆள் அசரவில்லை.

"கேஸுலதான்யா எதிரி. சிக்னலுக்கு ஊருல இந்த ஒரு பாலம்தான் இருக்கு."

துடைத்த வீடு

என்னிடம் வழக்குக்கு வந்த ஸ்டெல்லாவுக்குக் கூடங்குளம் பக்கத்துக் கடற்கரை ஊர். வெளியூர்த் துறைமுகத்தில் வேலை பார்க்கும் கணவர், மனைவி இருக்கும் வீடு குப்பையாகக் கிடக்கிறது, மகளைத் தன்னிடம் ஒப்படைக்க வேண்டும் என்று வழக்குப் போட்டிருந்தார். பிள்ளை போய்விடுமோ என்ற பயத்தில் ஸ்டெல்லா பாதியாக இளைத்திருந்தாள். ஒத்திகைக்கு அவள் வீட்டுக்கே போனேன். பழக்க தோஷத்தில், வீடியோவில் அவளுக்குப் பின்னால் இருப்பது மங்கலாகத் தெரியும்படி வைத்துவிட்டேன்.

"முட்டி தேயத் துடைச்ச வீட்டைக் கலக்கிக் காட்டுதீங்களே வக்கீலம்மா, இது நல்லாவா இருக்கு?"

பேசியது கேட்டது

விசாரணை நாளில் ஸ்டெல்லாவின் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். கணவர் மகள்மேல் உள்ள பாசத்தைப் பற்றி உருகிவிட்டு, மைக்கை அணைத்துவிட்டதாக நினைத்து, பக்கத்தில் இருந்த தம்பியிடம் திரும்பினார்: "பிள்ளைய கொண்டுபோய் நான் எங்கலே வைக்க? அவ வந்து என் கால்ல விழணும்லா, அதுக்குத்தான்!"

"ஐயா, உங்க மைக் திறந்திருக்கு" என்றார் நீதிபதி. வழக்கு முடியும்வரை மகள் தாயிடமே இருக்கட்டும் என்று உத்தரவானது. ஸ்டெல்லா ஓவென்று அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"வீட்டுலயும் இப்பிடித்தான். வாயை மூடிட்டதா நினைச்சுக்கிட்டே பேசுவாரு."

இப்போதெல்லாம் வழக்குக் கட்டைப் பிரிக்கும் முன்பே, மைக்கை எங்கே அணைப்பது என்று என் கட்சிக்காரருக்குக் காட்டிவிடுகிறேன். எதிர்க்கட்சிக்காரருக்கு மட்டும் யாரும் காட்டிவிடக் கூடாதே என்று வேண்டிக்கொள்கிறேன்.