டீச்சரின் மஞ்சள் பல்

எங்கள் பல் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் பாதிப் பேர், வருவதற்கு முன்னால் வீட்டிலேயே பல்லை ஒரு வழி பண்ணிவிட்டுத்தான் வருவார்கள். விருந்தாளி வருகிறார் என்றால் வீட்டைக் கூட்டுவது மாதிரி, டாக்டர் பார்க்கப் போகிறார் என்றால் வாயைக் கூட்டிவிட வேண்டும் இவர்களுக்கு. ஏரலிலிருந்து வரும் வாழைக்காய் வியாபாரி அண்ணாச்சி ஒருவர், உப்பும் உமிக்கரியும் சேர்த்துத் தேய்த்து, ஈறெல்லாம் ரத்தமாக வந்து உட்கார்ந்துகொண்டு, "சுத்தமாத்தான வச்சிருக்கேன், பின்ன ஏன் கூசுது?" என்று எங்களிடமே கேட்பார். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். முகத்தில் மாஸ்க் இருப்பதால் பிழைத்துப் போகிறேன்.

பிள்ளைகள் இரண்டும் பெரிய வகுப்புக்குப் போன பிறகுதான் பாளையங்கோட்டையில் இந்த உதவியாளர் வேலைக்கு வந்தேன். டாக்டர் என்னைவிடச் சின்னவர், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். பல் என்றால் வெள்ளையாக ஒரே கல் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, டிரேயில் விரிக்கும் தாளில் பேனாவால் ஒரு பல்லை வரைந்து காட்டினார். மேலே எனாமல். அதற்குள்ளே டென்டின். அதற்கும் உள்ளே நரம்பும் ரத்தமும்.

"டென்டின் பிறவியிலயே மஞ்சள்தான் அக்கா. மஞ்சள் சுவர் மேல சுண்ணாம்பு அடிச்ச மாதிரி எனாமல். ஈறுகிட்ட அது ரொம்ப மெல்லிசு. சிலருக்கு பல்லு முழுக்கவே மெல்லிசா இருக்கும். தேய்ஞ்சா திரும்ப வளராது."

நான் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பழைய கதை ஒன்று உண்டு. நான் படித்தது இங்கே மிஷன் பள்ளிக்கூடத்தில். காலை ஜெபம் முடிந்ததும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசையில் நிற்க வேண்டும். எங்கள் வகுப்பு டீச்சர் நகத்தைப் பார்ப்பார், பிறகு "ஈ காட்டு" என்பார். பல் நன்றாக இருந்தால் "சுத்தம், போ" என்று கன்னத்தில் லேசாகத் தட்டி வகுப்புக்கு அனுப்புவார். என்னை மட்டும் குழாயடிக்கு அனுப்புவார். அங்கே ஒரு டப்பாவில் உமிக்கரி இருக்கும். தேய்ப்பேன், எரியும், அழுவேன், மறுநாளும் மஞ்சளாகத்தான் இருக்கும். வீட்டில் இரண்டு வேளை பல் தேய்க்கிற பிள்ளை நான். அந்த வருஷம் முழுவதும் "சுத்தம்" என்ற சொல் எனக்குக் கிடைக்கவில்லை. அன்று மூடிய உதடுதான், என் கல்யாண போட்டோவில்கூடச் சிரிப்பு வாய்க்குள்ளேயே இருக்கும்.

வேலைக்கு வந்த புதிதில் பாலிஷ் எனக்குச் சரிப்பட்டு வரவில்லை. பல்லில் கல்லாகப் படிந்த காரையை டாக்டர் எடுத்து முடித்ததும், சுழலும் சின்ன ரப்பர் கப்பில் பசையைத் தொட்டு, மீதிக் கறையை எடுக்க வேண்டும். குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்த கை அல்லவா, அழுத்தினால்தான் பளபளக்கும் என்று நம்பியது. "பைய அக்கா, பைய" என்று டாக்டர் சொல்லிக்கொண்டே இருப்பார். மோதிர விரலைப் பக்கத்துப் பல்லில் ஊன்ற வேண்டும். கப்பின் விளிம்பு பல்லில் பட்டு லேசாக விரிந்தால் போதும். ஒரே இடத்தில் நிறுத்தினால் பல் சூடாகிவிடும், நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். வேர் தெரியும் இடத்துக்குப் போகவே கூடாது. ஒருநாளும் சலித்துக்கொள்ளாமல் சொல்லித் தந்தார். அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

போன மாதம் ஒரு வயதான அம்மா வந்தார். கஞ்சி போட்ட சேலை, நிமிர்ந்த நடை. நாற்காலியில் சாய்ந்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. டீச்சர்.

"டீச்சர், நான் எட்டாப்புல உங்க வகுப்பு" என்றேன்.

மாஸ்க்குக்கு மேல் தெரிந்த என் கண்ணை ஒரு நிமிஷம் பார்த்தார். "எத்தனையோ பிள்ளைக படிச்சுது" என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை பழைய மாணவிகள் கூடி அவருக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்களாம். மேடையில் உட்கார வேண்டும், பேச வேண்டும், போட்டோ எடுப்பார்கள். "ஊரான் பிள்ளைக பல்லையெல்லாம் பாத்தவ, நானே இந்தப் பல்லோட எப்படிம்மா அங்கன போய் நிக்க?" என்று டாக்டரிடம் கேட்டபோது குரல் இறங்கிவிட்டது. வாயைத் திறந்தார். அவரும் தேய்த்துவிட்டுத்தான் வந்திருந்தார், ஈறு சிவந்து கிடந்தது. முன்பற்கள் ஈறோரத்தில் பள்ளம் விழுந்து மஞ்சளாக இருந்தன.

டாக்டர் காரையை எடுத்துவிட்டு அடுத்த அறைக்குப் போனார். நான் ரப்பர் கப்பைச் சுழற்றும் கால் மிதியை அழுத்தினேன். காபிக் கறை கொஞ்சம் இருந்தது, போய்விட்டது. டீச்சர் கைக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தார்.

"மஞ்சள் அப்படியே இருக்கே. இன்னும் நல்லா அழுத்தித் தேயிட்டி."

அந்தக் குரல் கேட்டதும் என் கால் தானாக மிதிக்குப் போய்விட்டது. உண்மையைச் சொல்கிறேன், கப் பல்லுக்குப் பக்கத்தில் போகும்வரை நான் எட்டாம் வகுப்புப் பிள்ளைதான். அப்புறம் அந்தப் பள்ளம் கண்ணில் பட்டது. காலை எடுத்துவிட்டேன்.

"மாட்டேன் டீச்சர்."

டீச்சருடைய புருவம் உயர்ந்தது. அவரிடம் அந்தச் சொல்லை அதற்கு முன் யாராவது சொல்லியிருப்பார்களா, தெரியாது. டாக்டர் எனக்கு வரைந்த மாதிரியே ஒரு தாளை எடுத்துப் பல்லை வரைந்தேன். கோணலாகத்தான் வந்தது.

"இது அழுக்கில்ல டீச்சர். பல்லோட உள்நெறமே இதுதான். நீங்க தேய்க்கத் தேய்க்க மேல உள்ளது போய், இது வெளிய தெரியுது. இன்னும் தேய்ச்சா இன்னும் மஞ்சளாத்தான் ஆவும், கூசவும் செய்யும். பள்ளத்த டாக்டர் பல்லு நெறத்துலயே அடைச்சுத் தருவாங்க, சனிக்கிழமைக்கு முன்னாலயே முடிச்சிரலாம்."

டீச்சர் தாளை வாங்கிக்கொண்டார். வகுப்பில் பரீட்சைத் தாளைப் பார்க்கிற அதே பார்வை. கோபித்துக்கொண்டார் என்றே நினைத்தேன்.

"சில பிள்ளைகளுக்குச் சின்னதுலயே இப்படி இருக்குமா?"

"இருக்கும் டீச்சர். மேல மெல்லிசா இருந்தா உள்நெறம் தெரியும்."

"குழாயடிக்கு அனுப்புவனே, அந்தப் பிள்ளை நீதான?"

தலையை ஆட்டினேன்.

"அழுதுக்கிட்டே தேய்ப்ப. நான் ஜன்னல் வழியா பாப்பேன்." தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். "மாஸ்க்க எறக்குட்டி."

இறக்கினேன்.

"ஈ காட்டு."

நாற்பது வயது தாண்டிய பெண்பிள்ளை, ஆஸ்பத்திரி உடுப்போடு நின்றுகொண்டு காட்டினேன். அவர் சாய்ந்த நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, அவசரப்படாமல், மேல்வரிசை கீழ்வரிசை இரண்டையும் பார்த்தார். பிறகு என் கன்னத்தில் லேசாகத் தட்டினார்.

"சுத்தம், போ."

நான் மாஸ்க்கைத் திரும்பப் போட்டுக்கொள்ள மறந்து, வெளியே வந்து அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.