எர்த் முனையில் ஒரு கோட் பெயின்ட்

போர்க்கப்பலில் ஏவுகணை பார்க்கிறவன் வேலை, வருடம் முழுக்கத் துடைத்தும் சோதித்தும் வைத்துவிட்டு ஒரே ஒரு நிமிடத்துக்காகக் காத்திருக்கிற வேலை. விருந்தாளி வந்த நேரம் பார்த்து மிக்ஸி நின்றுபோன அனுபவம் உள்ளவர்களே, நீங்களும் நம்ம ஆள்தான்.

போகவில்லை

அன்று ஏவுகணையை ஏவிப் பார்க்கும் சோதனை; பெரிய அதிகாரிகள் பைனாகுலரோடு வரிசையாக நின்றார்கள். மூன்று, இரண்டு, ஒன்று என்று எண்ணிப் பொத்தானை அழுத்தியாயிற்று. ஏவுகணை பெட்டிக்குள்ளேயே சாதுவாக இருந்தது. மறுபடி அழுத்தினார்கள், அப்போதும் அசையவில்லை. சோதனையை நிறுத்திவிட்டார்கள். காலையில் எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டவன் நான்.

அந்த நேரம் பார்த்து இன்டர்காமில் எங்கள் சமையல்காரர், மார்த்தாண்டத்துக்காரர் செல்வராஜ் அண்ணன்: "மக்கா, சத்தம் ஒண்ணும் கேக்கல்லியே? சாம்பார் சிந்தப்பிடாதுன்னு சட்டியப் பிடிச்சிட்டு நிக்கேன். விடட்டா, வேண்டாமா?"

சுரண்டியபோது

கிளம்பாத ஏவுகணையின் பக்கம் உடனே யாரும் போகக்கூடாது. விதித்த நேரம் கழிந்து, மின்சாரத்தைத் துண்டித்தபின், கோளாறு எங்கே என்று போய்ப் பார்க்கும்படி என்னிடம் சொன்னார்கள். எர்த் கம்பியை மாட்டும் முனையில் உலோகத்தோடு உலோகம் தொட வேண்டும், நடுவில் எது வந்தாலும் மின்சாரம் பாயாது. அங்கே பளபளவென்று சாம்பல் நிறப் பெயின்ட். அடித்தது நானேதான். பெரியவர்கள் வந்தால் கண்ணில் படுவதற்கெல்லாம் பெயின்ட் அடிப்பது கப்பல் வழக்கம். காலையில் எல்லாம் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகு, துரு தெரிகிறதே என்று கம்பியைக் கழற்றி, முனைக்கு ஒரு கோட் அடித்து, திரும்ப மாட்டியிருந்தேன்.

யாரும் பார்க்கவில்லை. சுரண்டிவிட்டு 'கருவிக் கோளாறு' என்று எழுதிவிடலாம். அப்படி எழுதினால் இல்லாத கோளாறை மாதக்கணக்கில் தேடுவார்கள். உண்மையைச் சொன்னால் என்னை ஏவுகணை வேலையிலிருந்தே எடுத்துவிடலாம். எனக்கோ இதை விட்டால் வேறெதுவும் பிடிக்காது. என் அதிகாரியிடம் போய்ச் சொன்னேன். அவர் ஹிந்தியில் சொன்னார்: "இதை மேலே எழுதத்தான் போகிறேன். நீயாக வந்து சொன்னாய் என்பதையும் எழுதுவேன்."

நாகர்கோவில் நிலவரம்

கரைக்கு வந்ததும் நாகர்கோவிலில் உள்ள வீட்டுக்குப் போன் செய்தேன். மேலிடத்து முடிவு வராததால் சோறு இறங்கவில்லை. கடற்படை ரகசியத்தைச் சொல்ல முடியுமா? "ஓரிடத்துல பெயின்ட் அடிச்சது தப்பாப் போச்சு, ஆபீசர்ட்ட சொல்லிட்டேன்" என்றேன்.

மனைவி ஜெசி கொஞ்சமும் அதிரவில்லை. "போன லீவுல நம்ம கேட்டுக்கு அடிச்சியளே, தாழ்ப்பாள் இன்னும் அசையல்ல. பால்காரர் மதிலுக்கு மேலகூடியாக்கும் பால் தாறாரு. அங்கயாவது உள்ளதச் சொல்லிட்டியள்லா, போய்ச் சோறு தின்னுங்க."

போயிற்று

இரண்டு வாரம் கழித்து முடிவு வந்தது: எனக்கு ஒரு கண்டிப்பு, கூடவே மறுசோதனைக்கும் நானே இருக்கலாம் என்ற அனுமதி. முனையைத் தேய்த்து மூன்று தடவை சோதித்தேன். அப்புறம்தான் கையெழுத்துப் போட்டேன். எண்ணி முடித்ததும் கப்பலே அதிர்ந்தது. ஏவுகணை நெருப்பைக் கக்கிக்கொண்டு மேகத்துக்குள் போய்விட்டது. எனக்கு அழுகை வந்தது, மறைக்கத் தோன்றவில்லை. இலக்கில் பட்டதாகச் செய்தி வந்ததும் அதிகாரி என் தோளைத் தட்டினார்: "அடுத்த சோதனைக்கும் உன் பெயரைத்தான் கொடுத்திருக்கிறேன்."

இன்றும் அதே கப்பலில் அதே வேலைதான் பார்க்கிறேன். பெரியவர்கள் வருகிறார்கள் என்றால் மட்டும் பெயின்ட் டப்பாவை என் கண்ணில் படாமல் பூட்டி வைத்துவிடுகிறார்கள்.